முட்டை அட்டையும் ஜவ்வரிசிப் பசையும்

நாமக்கல் பக்கம் மளிகைக் கடையில் கேட்டால் முட்டை அட்டையைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பழைய காகிதத்தைக் கூழாக்கி அச்சில் எடுத்த அட்டை. வரிசைக்கு 6 வீதம் 5 வரிசை, 30 குழி. எச்சம் படாத அட்டையாகப் பார்த்து வாங்கி, நல்ல வெயிலில் காயப்போட்டுவிட வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் பொம்மைக் கடையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழிக்கு ஓர் எலுமிச்சை வைக்கச் சொன்னால் போதும். வைக்கும், எடுக்கும், உருட்டிவிடும், மறுபடி வைக்கும். புளியங்கொட்டையும் கோலிக்குண்டும் மட்டும் வேண்டாம். நேராக வாய்க்குத்தான் போகும்.

ஒட்டு வேலைக்குச் சேலத்து ஜவ்வரிசி. ஆத்தூர், ராசிபுரம் காட்டுக் குச்சிக்கிழங்கின் மாவுதானே அது! ஒரு கைப்பிடியை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்தால், வெள்ளை மணி ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டே வந்து, நடுப்புள்ளியும் மறைந்து, கொழகொழவென்று கரையும். ஆறியதும் மசித்தால் பசை. பிள்ளை விரலை நக்கினாலும் பயமில்லை. அதிலேயே மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ கலந்தால் விரலால் அப்ப வண்ணமும் ஆயிற்று. மஞ்சள் கறை லேசில் போகாது, பழைய சட்டையாக மாட்டிவிடுங்கள். மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.