வள்ளிக்கு இருந்த வாய்

ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்துச் சனங்க கீழே இறங்கினா ஒடுகத்தூர்தான் கடைவீதி. சந்தைக்கு வர்ற மலைப் பெண்கள் நல்லாவே விலை பேசுவாங்க. ஆனா தமிழ்க் காதல் கதைக்குள்ள காலை வெச்சதும் மலைப்பெண் 'வெள்ளந்தி' ஆகிவிடுகிறாள். ஏன்?

பழைய கதை அப்படி இல்லை. இதே வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில்தான் வள்ளி தினைப்புனம் காத்தாள் என்பார்கள். கிழவன் வேஷம், பயமுறுத்த யானை என்று முருகன் பக்கம் தந்திரம் நிறைய. இருந்தாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் சனம் தூங்காம கேட்கிறது தர்க்கத்தைத்தான். நாரதரோடும் வேலனோடும் வள்ளி வாதாடுகிறாள். சம்மதம் அதுக்கப்புறம்தான்.

பிரபு சாலமனின் 'கும்கி'யில் (2012) அல்லி, மலைக்கிராமத் தலைவரின் மகள். ஆனா படம், வெளியூரிலிருந்து யானையோடு வரும் பொம்மனின் கண்ணால்தான் அவளைப் பார்க்கிறது. அழகு அவளுக்கு, தவிப்பும் குற்றவுணர்வும் பெரும்பாலும் அவனுக்கு.

'ஜெய் பீம்' (2021) இதைத் தாண்டிய படம். ராஜாகண்ணு, செங்கேணி ரெண்டு பேருமே இருளர். காதலிக்க வெளியாள் வர வேண்டியதில்லை. ஆனா அந்தக் காதல் ஆரம்பக் காட்சிகளோடு சரி. அப்புறம் காவல் நிலையச் சித்திரவதை, நீதிமன்றம். நடந்த வழக்கைச் சொல்லும் படத்தை இதுக்காகக் குறை சொல்ல முடியாது. பழங்குடிக் காதல்னா துயரத்துக்கு முன்னுரையா மட்டுமே நமக்கு ஞாபகம் வருதே, சிக்கல் அங்கதான்.

பிரதிநிதித்துவம்னா திரையில் முகம் தெரிவது என்று நினைக்கிறோம். என் அளவுகோல் வேற: மறுக்கிற வசனம் யாருக்கு இருக்கு? பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படத்தில் அது ரெனேவுக்கு இருந்தது. தலித் பெண்ணான அவள், சண்டையில் காதலன் இனியன் சாதியை இழுத்ததும் உறவை முறிக்கிறாள். அவள் கோபத்தை முழுசா கேட்ட பிறகுதான் அவள் காதலையும் நம்ப முடிகிறது.

நான் பார்த்த படங்களில் மலைப்பெண்ணுக்கு அப்படி ஒரு வசனம் வாய்க்கவில்லை. இது சினிமா ரசனையோட முடியுற விஷயமில்லை. 'வெள்ளந்தி'ன்னு முத்திரை குத்தின பெண் "வேண்டாம்" என்றால், கீழே இருக்கிறவன் அதை வெட்கம்னுதான் எடுத்துக்குவான்.