பணயம் வைத்தவரும் பணயப் பொருளும்

எழுதுகிறவன் வளர வேண்டுமானால் எதையாவது விட்டாக வேண்டும் என்ற பேச்சு நம் நண்பர்கள் கூடுகிற இடங்களில் எப்படியும் வந்துவிடுகிறது. வேலையை, வீட்டை, ஊரார் மதிப்பை. விடாதவன் சமரசக்காரன். வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நான் விமர்சனம் எழுதுவதே சிலருக்கு முரண்பாடாகப் படுகிறது, இருக்கட்டும். பேச்சு கடைசியில் போய் நிற்பது இந்த ஊரின் இரண்டு உதாரணங்களில்தான்: 1908இல் இங்கே வந்த பாரதி, 1910 ஏப்ரல் 4ஆம் தேதி கப்பலில் வந்திறங்கிய அரவிந்தர். இருவரும் விட்டவர்கள், வளர்ந்தவர்கள். இதில் எனக்கு மறுப்பில்லை. அவர்கள் விட்டது யாருடையது என்று நாம் கேட்பதேயில்லை. என் பிரச்னை அதுதான்.

அரவிந்தர் 1901இல் மணம் செய்துகொண்டபோது அவருக்கு வயது 28, மிருணாளினிக்கு 14. 1905 ஆகஸ்ட் 30 தேதியிட்டு மனைவிக்கு அவர் வங்காளியில் எழுதிய கடிதம் பிரசித்தமானது. தம்மைப் பிடித்திருக்கும் மூன்று பைத்தியங்களைச் சொல்கிறார். தம்மிடமுள்ளதெல்லாம் கடவுளின் உடைமை என்பது ஒன்று, கடவுளை நேரில் கண்டாக வேண்டும் என்பது இன்னொன்று, நாட்டைத் தாயாகப் பார்ப்பது மூன்றாவது. சொல்லிவிட்டு, இந்த வழியில் நீ கூட வருவாயா என்று கேட்கிறார். கேட்டதே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் கேட்ட தோரணையில் மறுப்புக்கு இடமில்லை. அந்தரங்கமான இக்கடிதங்கள் பிறகு போலீஸ் கையில் சிக்கி அலிப்பூர் வழக்கில் சாட்சியமாயின. 1909 மே மாதம் அவருக்கு விடுதலை, மறுவருஷம் பாண்டிச்சேரி. அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. 1918 டிசம்பரில் கல்கத்தாவில் விஷக்காய்ச்சலில் மிருணாளினி இறந்துபோனார். நமக்குத் தெரிகிற மிருணாளினி பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்களின் மறுபக்கம்தான்.

இந்த மனிதர்தான், கணவனை யமனிடம் விட்டுக்கொடுக்க மறுத்தவளைப் பற்றி ஏறக்குறைய 24,000 வரிகளில் 'சாவித்திரி'யை எழுதினார். நம் ஊரில் அதைப் பாராயணம் செய்பவர்கள் உண்டு. கவிதையாக வாசித்தவர்கள் குறைவு. வாசித்தால் ஒன்று உறைக்கும். சாவித்திரியின் வளர்ச்சி எதையும் துறந்து வந்ததல்ல. ஒரே ஒரு மனிதனை விடமாட்டேன் என்று நின்றதால் வந்தது. பூமியை மறந்து தான் மட்டும் அனுபவிக்கக்கூடிய பேரின்பம் எதிரே வரும்போது அதையும் வேண்டாம் என்கிறாள்.

மனைவியை விட்டவரின் குற்றவுணர்வு காவியமாயிற்று என்று முடித்துவிடலாம்போல் இருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. நமக்குக் கிடைத்துள்ள ஆரம்பப் பிரதி 1916ஐச் சேர்ந்தது. மிருணாளினி அப்போது உயிரோடிருந்தார். வாழ்க்கையிலிருந்து கவிதைக்குக் குறுக்குவழி போடுவது விமர்சகனின் சோம்பேறித்தனம். கவிதைக்குள்ளேயே பார்க்க வேண்டும். அங்கே சத்தியவான் ஆத்மா, சாவித்திரி தெய்வீக வாக்கு என்று கவிஞரே விளக்கம் தந்துவிட்டார். குறியீடு வளர வளர மனைவி மறைகிறாள். ஆறாவது புத்தகத்தில் மட்டும் சாவித்திரியின் தாய் நாரதரை நிறுத்தி, உலகில் ஏன் இத்தனை துன்பம் என்று கேட்கிறாள். அந்த இடத்தில் மொழி தரைக்கு இறங்குகிறது. துன்பம் மனிதனை வளர்க்கும் கருவி என்பதாக நாரதர் நீண்ட பதில் சொல்கிறார். பதில் கம்பீரமானது. பெற்றவளின் கேள்வி அதில் அடங்கவில்லை என்பது என் அனுபவம்.

அதே வருஷங்களில், சில தெருக்கள் தள்ளி, பாரதி 'பாஞ்சாலி சபத'த்தை எழுதினான். முதல் பாகம் 1912இல் வந்தது. தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் கவிஞனுக்குப் பொறுக்கவில்லை. கதையை நிறுத்திவிட்டு ஆளைத் திட்டுகிறான். காக்க வந்தவன் விற்கலாமா என்பதே வசவின் சாரம். அவன் இறந்த பிறகு வெளிவந்த இரண்டாம் பாகத்தில் பாஞ்சாலியே பேசுகிறாள். தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னை வைத்தாட ஏது உரிமை? இது சட்டக் கேள்வி. அவளைப் பாரத மாதாவாக்கினாலும் இந்தக் கேள்வி குறியீடாகக் கரைய மறுக்கிறது. 'சாவித்திரி'யைவிட இந்தச் சிறிய காவியத்தை நான் மேலாக வைப்பதற்கு இதுவே காரணம்: பணயப் பொருளுக்கு இங்கே வாய் இருக்கிறது.

எழுதியவன் வீட்டில் அந்த வாய்க்கு என்ன இடம் இருந்தது என்பது வேறு விஷயம். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை எல்லோரும் ரசிக்கிறோம். குருவிகளின் பக்கம் நின்றுகொண்டு ரசிக்கிறோம். அன்றைக்கு உலை வைக்க வேண்டியவள் செல்லம்மா. அவர் சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதி 1941இல் 'பாரதியார் சரித்திரம்' வந்தது. இலக்கியமாக அதை யாரும் விவாதித்ததாக எனக்கு ஞாபகமில்லை. பாரதி பற்றிய தகவல்களுக்காகப் புரட்டுகிறோம், அவ்வளவுதான். மிருணாளினிக்கு அதுவும் இல்லை.

கடன் பத்திரத்தில் வாங்குகிறவர் கையெழுத்துக்குக் கீழே ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும். என் மேஜையில் இது தினசரி விஷயம். ஜாமீன் போட வருகிறவர்கள் பெரும்பாலும் படித்துப் பார்ப்பதில்லை. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று நாமாவது சொல்ல வேண்டும்.

நம் நண்பர் ஒருவர் எழுதுவதற்காக இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டார். அவர் மனைவி காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். அவருடைய புதிய கவிதைகளின் கையெழுத்துப் பிரதியைப் படித்தேன். 40 கவிதைகள், துறவு பற்றியே ஏழெட்டு, நன்றாகவே இருக்கின்றன. மாலையில் அந்த வீட்டுத் திண்ணையில் வாய்ப்பாடு சொல்கிற குழந்தைகளின் சத்தம்கூட ஒரு கவிதையிலும் இல்லை. முன்னுரை கேட்டிருக்கிறார். இதை எழுதலாமா என்று முதலில் அவர் மனைவியிடம் கேட்க நினைக்கிறேன்.