படியெடுத்தலும் ஓவிய நுட்பப் பயிற்சியும்: அஜந்தாப் படிகளை முன்வைத்து

மூல ஓவியத்தைப் படியெடுத்தல் கைப்பயிற்சியாகவும், அதன் பயன் தோற்ற ஒப்புமையாகவும் கருதப்படுவது வழக்கம். இக்கருத்து முழுமையானதன்று. படியெடுப்பவர் மூலத்தின் தோற்றத்தைப் பின்பற்றுகிறாரா, அது உருவான செயல்முறையைப் பின்பற்றுகிறாரா என்பதைப் பொறுத்தே அவர் கற்பது அமைகிறது. அஜந்தாச் சுவரோவியங்களுக்கு எழுந்த இருவேறு படிகள் இதற்குச் சான்றாகின்றன.

ஜான் கிரிஃபித்ஸின் வழிகாட்டலில் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவர்கள் 1872 முதல் 1885 வரை அங்குப் படியெடுத்தனர். அவர்கள் கையாண்டது துணித்திரையில் எண்ணெய் வண்ணம். மூலமோ மண்சாந்தின் மீது மெல்லிய வெண்பூச்சு இட்டு, அது காய்ந்தபின் பசை கலந்த நிறமிகளால் தீட்டப்பட்டது. எண்ணெய் வண்ணம் ஒளிநிழலின் படிநிலைகளை நன்கு காட்டவல்லது. எனினும் அதில் கோடு வண்ணப்பரப்பின் எல்லையாகச் சுருங்கிவிடுகிறது. முதற்குகைப் பத்மபாணியின் புருவமும் தோள்வளைவும் கோட்டினாலேயே உயிர்பெறுவன. ஆகவே இவ்விழப்பு சிறிதன்று.

கிறிஸ்டியானா ஹெர்ரிங்ஹாம் 1909-1911 காலப்பகுதியில் நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார் முதலியோருடன் படியெடுத்தார். செந்நிறக் கோட்டுரு, அதன்மேல் மெல்லிய பச்சைமண் பூச்சு, பின்னர் உரிய நிறங்கள், இறுதியில் கரும்பழுப்புக் கோடுகள் என்னும் வரிசையை அவர் எடுத்துக்காட்டினார். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் நூலை 1899இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். உடல்நிறத்தின் அடியில் பச்சைமண் பூசும் முறை அந்நூலிலும் உண்டு. செய்முறை அறிவே அவர் பார்வையைக் கூர்மையாக்கியது எனலாம். வரையத் தொடங்கும் கோடும் முடிக்கும் கோடும் வெவ்வேறு பணிகள் உடையன என்பது இவ்வரிசையைக் கையால் பின்பற்றுபவருக்கே தெளிவாகும். முன்னது இடத்தை வகுக்கிறது. பின்னது உருவத்தை முடிவுசெய்கிறது.

நந்தலாலின் 1938ஆம் ஆண்டு ஹரிபுராச் சுவரொட்டிகள் நாட்டார் மரபைத் தழுவி ஊர்மக்களின் தொழில்களைச் சித்திரிப்பன. அவற்றில் அஜந்தாவின் உருவங்கள் இல்லை. உருவத்தை முடிவுசெய்யும் கோட்டின் ஆட்சி உண்டு. கற்றது பொருளன்று, முறையே என்பதற்கு இது சான்று.

இப்பயிற்சிக்கு மூலம் கொடுத்த விலையும் கருதத்தக்கது. ஓவியங்களைத் தெளிவாகக் காண்பதற்காகக் கிரிஃபித்ஸ் குழுவினர் சுவரில் வார்னிஷ் பூசினர். நாளடைவில் அது நிறங்களை மங்கச்செய்தது. அவர்தம் படிகளுள் பல 1885இல் லண்டன் சவுத் கென்சிங்டன் தீவிபத்தில் அழிந்தன. எஞ்சியவை மூலத்தில் பின்னர்ச் சிதைந்த பகுதிகளுக்கு இன்று ஆவணமாகின்றன. எனவே ஆவண மதிப்பையும் பயிற்சி மதிப்பையும் பிரித்து அளப்பதே படிகளைப் பற்றிய திறனாய்வுக்குப் பொருந்தும். முதலாவதில் கிரிஃபித்ஸ் குழுவின் பணி இன்றியமையாதது. இரண்டாவதில் ஹெர்ரிங்ஹாம் குழுவின் வழியே ஓவிய மாணவர்க்கு உரியது.