கண்ணழுத்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

சைக்கிள் டயரில் காற்று போதுமா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காதவர் நம்மில் யார்? ஒரே அளவு காற்றடைத்தாலும் தேய்ந்த டயரும் தடித்த புது டயரும் விரலுக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. விரல் உணர்வது காற்றின் அழுத்தத்தை மட்டுமன்று. டயரின் விறைப்பையும் சேர்த்துத்தான்.

நங்கநல்லூரில் கண் பரிசோதனைக்குப் போகிறீர்கள். கண்ணில் ‘டுப்’ என்று காற்றை ஊதி, ‘18’ என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். இதுவும் விரல் சோதனை போன்றதே. இங்கே டயர் என்பது கருவிழியின் முன்னுள்ள கண்ணாடி போன்ற படலம். கார்னியா என்பது அதன் பெயர்.

ஹான்ஸ் கோல்ட்மன் என்ற சுவிஸ் மருத்துவர் 1950-களில் அமைத்த அழுத்தமானியே இன்றும் அளவுகோல். கார்னியாவை 3.06 மி.மீ. விட்டத்துக்குத் தட்டையாக்கினால், அதன் விறைப்பும் கண்ணீரின் பரப்பு இழுவிசையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது அவர் கணக்கு. கார்னியாவின் தடிமன் சுமார் 520 மைக்ரான் என்று அதில் கொள்ளப்பட்டது.

சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில் கண்ட சராசரி சுமார் 511. வேறுபாடு சிறிதுதானே என்பீர்கள். ஆனால் மருத்துவரிடம் போவது சராசரி அல்லவே, தனி மனிதர்! லேசர் சிகிச்சையால் மூக்குக்கண்ணாடியைத் துறந்தவருக்குப் படலம் மெலிந்திருக்கும்; பெரும்பாலும் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். கிளாக்கோமாவோ பெரும்பாலும் வலியின்றியே பார்வை நரம்பை அரிக்கும் நோய். அதே ஆய்வில், சென்னை நகரில் திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை முன்பு அறியாதவர்கள். பொய்யான ஆறுதலுக்கு நாம் கொடுக்கும் விலை பார்வையே.

இக்குறையைப் போக்க 2005-இல் ‘ஆக்யுலர் ரெஸ்பான்ஸ் அனலைசர்’ என்ற கருவி அறிமுகமானது. அது ஊதும் காற்றில் கார்னியா உள்ளே குழியும்போது ஒருமுறையும், மீளும்போது ஒருமுறையும் தட்டையாகிறது. அவ்விரு கணங்களின் அழுத்த வேறுபாட்டுக்குத் ‘தயக்கம்’ என்று பெயர். காந்தவியல் பாடத்தில் படித்த சொல்தான். தயக்கம் குறைந்த கண்களில் கிளாக்கோமா விரைந்து முற்றுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்பு வீணாகிய ஒரு செய்தியைப் பயனாக்கிய வகையில் இது பாராட்டத்தக்க முன்னேற்றமே.

ஆயினும் இந்த எண்ணைக் கார்னியாவின் ‘இயந்திரப் பண்பு’ என்று அழைப்பதை ஏற்பதற்கில்லை. எஃகுக் கம்பியின் யங் குணகம், மீட்சி எல்லைக்குள் எடையைக் கூட்டினாலும் மாறாது; அது பொருளுக்கே உரிய பண்பு. தயக்கமோ கண்ணழுத்தம் ஏறினால் குறைகிறது. அதன் அலகுகூட மி.மீ. பாதரசம்தான். ஆகவே இது கண் காட்டும் மறுமொழியே தவிர, படலத்தின் தனிப்பண்பு அன்று. டயரையும் காற்றையும் நாம் இன்னும் முழுதாகப் பிரித்துவிடவில்லை.

எனவே அடுத்த முறை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டிருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். “கார்னியாவின் தடிமன் என்ன? பார்வை நரம்பைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். எந்த அளவையும் எதை அளக்கிறது என்று கேட்டறிவதே அறிவியல்.