தூக்கிய வேகனுக்குப் பெரிய டயர் தேவையா?

சுபாரு அவுட்பேக் 1995 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்ததிலிருந்து அதை வாங்குகிறவர்களின் எதிர்பார்ப்பு மாறவில்லை. பிள்ளைகளோடும் சாமான்களோடும் நெடுஞ்சாலையில் காரைப் போல ஓடவேண்டும். தார் ரோடு முடிகிற இடத்தில் திரும்பி வரவும் கூடாது. கொலராடோ, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களின் காட்டுப் பாதைகளில் இந்த வண்டியை ஓட்டுபவர்கள் பலர் முதலில் செய்வது, நான்கு ஷாக் அப்சர்பர்களின் தலையிலும் ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் தூக்குவது. அடுத்ததாக, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே தெரிகிற அகலமான இடைவெளியை நிரப்பப் பெரிய ஆல் டெரெய்ன் டயர் தேடுவார்கள். இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் தப்பான அளவைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்பது என் கருத்து. தூக்கிய வேகனுக்கு வேண்டியது நல்ல டயர்; அது பெரிய டயராக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இதற்கு முதல் சான்று நிறுவனத்திடமிருந்தே கிடைக்கிறது. 2022 மாடலாக வந்த அவுட்பேக் வில்டர்னெஸ், தொழிற்சாலையிலேயே தூக்கப்பட்ட வண்டி. அதன் தரை இடைவெளி சாதாரண அவுட்பேக்கின் 8.7 அங்குலத்திலிருந்து 9.5 அங்குலமாக உயர்ந்தது. ஆனால் டயர் அளவு 225/65R17. அதே டர்போ எஞ்சின் கொண்ட சாதாரண அவுட்பேக்கில் இருந்தது 225/60R18. கணக்குப் போட்டால் முதலாவதன் வெளி விட்டம் சுமார் 724 மி.மீ., இரண்டாவது 727 மி.மீ. அதாவது காட்டுக்கென்று செய்த வண்டியில் சக்கரம் ஒரு நூல் சிறியது. உயரம் முழுவதும் ஸ்பிரிங்கிலிருந்தும் ஷாக் அப்சர்பரிலிருந்தும் வந்திருக்கிறது. மாறியவை மூன்று: ரிம் 18-லிருந்து 17 அங்குலமாகக் குறைந்தது, டயரின் பக்கச்சுவர் 135-லிருந்து 146 மி.மீ. ஆக வளர்ந்தது, டயர் யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ரகமானது. கூடவே கடைசி கியர் விகிதத்தை 4.11-லிருந்து 4.44 ஆக்கினார்கள். மெதுவாக ஏறும்போது இழுவை சுமார் 8 சதவீதம் கூடட்டும் என்பதற்காக.

வெளிச்சந்தையில் பரவலாக மாட்டப்படும் 245/65R17 அளவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விட்டம் 750 மி.மீ.; 225/65R17-ஐ விட 26 மி.மீ. அதிகம். அதில் வண்டியின் வயிறு உயர்வது பாதி, 13 மி.மீ. மட்டுமே. ஸ்பேசர் ஏற்கெனவே தந்தது 50 மி.மீ. அந்த 13 மி.மீட்டருக்குக் கொடுக்கும் விலை, கியர் விகிதம் 3.6 சதவீதம் தளர்ந்து போவது. 4.11 விகிதம் நடைமுறையில் 3.97 போல ஆகிவிடும். நிறுவனம் எந்தத் திசையில் போனதோ அதற்கு நேர் எதிர்த் திசை இது. சிவிடி கியர்பாக்ஸ் கொண்ட வண்டியில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செங்குத்தான கல் ஏற்றத்தில் நடைவேகத்தில் ஊரும்போது டார்க் கன்வெர்ட்டரில் சூடு ஏறுகிறது. விகிதம் தளர்ந்தால் அந்தச் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். இதற்கு மாற்றுக் கியராக, ஜீப்பில் இருப்பதுபோன்ற லோ ரேஞ்ச் இங்கே கிடையாது.

டயர் மட்டுமே உண்மையான தரை இடைவெளியைத் தரும், ஸ்பிரிங்கைத் தூக்குவது கண்ணுக்கு மட்டும்தான் என்று ஒரு வாதம் உண்டு. ஒரே தண்டாக அச்சு இருக்கும் ஜீப் ராங்லருக்கு அது சரி. அங்கே டிஃபரென்ஷியல் உருண்டை அச்சின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, பாடியைத் தூக்கினால் அது கூட வராது, பெரிய சக்கரம் போட்டால்தான் உயரும். அவுட்பேக்கின் நான்கு சக்கரங்களும் தனித்தனிச் சஸ்பென்ஷனில் தொங்குகின்றன. டிஃபரென்ஷியல் வண்டியின் உடம்போடு பிணைந்தது, ஆகவே உடம்பைத் தூக்கினால் அதுவும் தூக்கப்படுகிறது. சஸ்பென்ஷனோடு சப்ஃப்ரேமையும் கீழே இறக்கும் கிட் போட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். வெறும் ஷாக் ஸ்பேசர் என்றால், ஜீப்புக்காரர்களின் விதியை வேகனுக்குப் பொருத்துவது பிழை.

பெரிய சக்கரம் குழியிலும் கல்லிலும் சுலபமாக உருண்டு ஏறும் என்பதும் உண்மையே. ஆனால் ஆரத்தில் 13 மி.மீ. கூடியதால் கிடைக்கும் அனுகூலம், டயரில் காற்றை இறக்குவதால் கிடைப்பதன் முன்னால் சிறியது. சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை கல் பாதை தொடங்கும் இடத்தில் 22 வரை இறக்கினால், தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில் வளர்கிறது. ரப்பர் கல்லைச் சுற்றி வளைந்து பிடிக்கிறது, உள்ளே இருப்பவர்களின் முதுகும் தப்புகிறது. இதற்கு வேண்டியது உயரமான பக்கச்சுவர். அதைச் சிறிய ரிம்மே தந்துவிடும், வெளி விட்டத்தை வளர்க்க வேண்டியதில்லை. 18 அங்குல ரிம்மில் இருக்கும் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம், 17 அங்குலத்துக்கு இறங்குவதுதான்.

பொருத்தும்போது எங்கே உரசும் என்பதை வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் புரியும். முன் சக்கரத்தில் இரண்டு இடங்கள். ஒன்று, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது சக்கரக்கூட்டின் பின் மூலை. அங்கே பிளாஸ்டிக் லைனருக்கு உள்ளே இரண்டு தகடுகள் சேர்த்து வெல்ட் செய்யப்பட்ட விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. டயரின் தோள் முதலில் தட்டுவது அதில்தான். சுத்தியலால் அதை மடித்துத் தட்டுவார்கள்; அப்போது பெயிண்ட் உரிந்த இடத்தில் உடனே பூச்சு கொடுக்காவிட்டால் துரு பிடிக்கும். இரண்டாவது இடம் ஸ்பிரிங் உட்காரும் தட்டு. ஷாக் அப்சர்பரோடு சேர்ந்த இந்தத் தட்டு டயரின் தலைக்கு மேல், உள்பக்கமாக நிற்கிறது. பலர் தவறவிடும் விஷயம் இது: ஸ்பேசர் ஷாக்கின் தலையில் உட்காருவதால் தட்டுக்கும் டயருக்கும் இடையிலான தூரம் ஒரு மி.மீ. கூட மாறுவதில்லை. வண்டியை எவ்வளவு தூக்கினாலும் இங்கே இடம் பிறக்காது. 245 டயர் உள்பக்கம் 10 மி.மீ. அகலமாகவும் 13 மி.மீ. உயரமாகவும் வந்து நிற்கும்போது விரல் நுழைகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

அதற்கு மருந்தாக ஆஃப்செட் குறைந்த ரிம் வாங்குகிறார்கள். தொழிற்சாலை ரிம்மின் ஆஃப்செட் 55 மி.மீ.; 40 வாங்கினால் சக்கரம் 15 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், தட்டு தப்பும். ஆனால் அந்த 15 மி.மீ. வீல் பேரிங்குக்கு நெம்புகோலாகிறது, ஸ்டீயரிங் குழிகளில் கையை இழுக்கிறது, வெளி விளிம்பு மட்கார்டின் பக்கம் போய் வேறோர் உரசலைத் தொடங்குகிறது. புது ரிம்மின் நடுத்துளை 56.1 மி.மீட்டரை விடப் பெரிதாக இருந்தால் வளையம் போடாமல் மாட்டக் கூடாது; மாட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். தூக்கியதோடு அலைன்மென்டையும் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எடையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. எல்டி என்று குறித்த, சரக்கு வண்டிகளுக்கான தடித்த டயர்கள் ஒவ்வொன்றும் பல கிலோ கூடுதல் கனம். சுழலும் எடை என்பதால் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் அது தன்னைக் காட்டும். தொழிற்சாலை வில்டர்னெஸ்ஸில்கூட நெடுஞ்சாலை மைலேஜ், அமெரிக்க அரசின் அளவீட்டின்படி கேலனுக்கு 30 மைலிலிருந்து 26 ஆக விழுந்தது. டயர், உயரம், கியர் மூன்றும் சேர்ந்த விளைவு அது. 1,800 கிலோவைத் தொடாத ஒரு வேகனுக்கு, சரக்கு வண்டியின் சுமையைத் தாங்கும் டயர் எதற்கு? கூரான கற்கள் நிறைந்த பாதையில் வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு அந்தத் தடிப்பு உயிர் காக்கும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போய்வந்து, விடுமுறையில் காட்டுப் பாதை பார்க்கும் வண்டிக்கு, மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த சாதாரண ரக ஆல் டெரெய்னே மேல். அந்த முத்திரை பனியில் இழுவைச் சோதனை தேறியதைச் சொல்வது. பிரேக் பிடிக்கும் திறனுக்கு அது உத்தரவாதமல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

நிறுவனம் உத்தரவாதத்துக்கும் மைலேஜ் எண்ணுக்கும் பயந்துதான் சிறிய டயர் வைத்தது என்று எதிர்த்துக் கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்வி. ஆனால் மைலேஜே குறி என்றால் கியர் விகிதத்தை 4.44 ஆக்கியிருக்க மாட்டார்கள். ஆழமான மணலிலும் பனியிலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஒரு அளவு பெரிதாகப் போவதில் லாபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கூட 3 சதவீதத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. ஐசைட் என்னும் இரட்டைக் கேமரா, முன்னால் போகும் வண்டியின் தூரத்தைக் கணித்துத் தானாகப் பிரேக் போடுவது; உயரத்தையும் டயர் அளவையும் மாற்றினால் அது சரிவர வேலை செய்யாமல் போகலாம் என்று நிறுவனத்தின் கையேடே எச்சரிக்கிறது. பின்சீட்டில் குழந்தை உட்காரும் வண்டியில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எந்த அளவு வாங்கினாலும் ஐந்தாக வாங்கவேண்டும். நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இயங்கும் இந்த வண்டியில், டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்பது சுபாருவின் அறிவுரை. அதாவது 6 மி.மீ. சொச்சம், தேய்மானத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. 245/65R17 போட்டுவிட்டு ஸ்டெப்னியை மட்டும் பழைய 225/65R17 ஆகவே விட்டால் வித்தியாசம் சுமார் 82 மி.மீ. சிக்னல் இல்லாத மலைப்பாதையில் பஞ்சரானால், அந்த ஸ்டெப்னியை மாட்டி ஊர் திரும்புவதற்குள் முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் கிளட்ச் வெந்துபோகலாம். ஆகவே டயருக்குப் பணம் கட்டுமுன், பின்பக்கத் தளத்தைத் தூக்கி ஸ்டெப்னி குழியை அளந்து பாருங்கள். அதில் அடங்காத டயர் கூரைமேல் போகும், இல்லையென்றால் பிள்ளைகளின் சாமான் வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 225/65R17 அளவிலேயே ஐந்து வாங்கி, ஐந்தையும் முறை மாற்றி ஓட்டினால் இந்தச் சிக்கல் எதுவும் வராது.