தோற்ற பின் தலைமை கற்கிறதா?

2024 ஜூன் மூன்றாம் வாரத்தில், தம்முள் யாதொரு சம்பந்தமும் இல்லாத இரு துறைகளில் ஒரே விதமான பரிகாரம் கையாளப்பட்டது. ஜூன் 17 அன்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சைப் பதவியிலிருந்து விலக்கியது. இரண்டு நாள் கழித்து, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடியத் தொடங்கியபோது, தமிழக அரசு மாவட்ட ஆட்சியரை இடம் மாற்றி, காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. ஓர் ஆட்டத்தின் தோல்வியையும் 65க்கும் மேற்பட்ட மனித உயிர்களின் நாசத்தையும் ஒப்பிட எனக்குத் துணிவில்லை. அது பாவமும் ஆகும். நான் பரிசீலிக்க எடுத்துக்கொள்வது அந்தப் பரிகாரத்தை மட்டுமே.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதிகாரமும் சம்பளமும் கௌரவமும் பெறுகிறவர் அவற்றோடு வரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது எந்த நாகரிக சமூகமும் ஒப்புக்கொள்ளும் தர்மம். குற்றம் நடந்த இடத்தில் அதே அதிகாரி நீடித்தால் விசாரணையின் நேர்மை சந்தேகத்துக்கு இடமாகும். அவர் விலகுவது அவசியம். துக்கத்தில் இருக்கும் ஜனங்களுக்கு, மேலே யாரோ ஒருவர் பதில் சொல்கிறார் என்ற குறைந்தபட்ச ஆறுதலும் அதனால் கிடைக்கிறது. ஆயினும், நீக்கப்பட்டவரோ, அவர் இடத்துக்கு வந்தவரோ, அவர்களை நியமித்த ஸ்தாபனமோ இதனால் எதையேனும் கற்றார்களா என்று கேட்டால், விடை அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை.

கால்பந்தில் இக்கேள்விக்கு நம் தேசத்திலேயே மிகச் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீம், 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியை உருவாக்கியவர். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் தேசத்து மைதானத்தில் நம்மவர் பலர் வெறுங்காலோடு இறங்கி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றனர். அவமானம் என்று சொல்லத்தக்க தோல்விதான். ஆனால் அதன் பிறகு சம்மேளனம் காலணி அணிந்தே ஆட வேண்டும் என்று விதி வகுத்தது. மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றவரும் ரஹீமே. ஹெல்சிங்கிக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அங்கே, நெவில் டிசூசா 3 கோல் அடிக்க ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, அரையிறுதிவரை சென்று நான்காம் இடம் பெற்றது அந்த அணி.

இன்னும் வியக்கத்தக்கது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற ரஹீம், சில நாள்களுக்குள் அதே தென்கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்றார். இடையில் அவர் செய்தது என்ன? தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங், முந்தைய ஓர் ஆட்டத்தில் காயமுற்றுத் தலையில் தையல் போட்டிருந்த நிலையில், அவரை முன்வரிசைக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தின் இரு கோல்களில் ஒன்று பி.கே. பானர்ஜியுடையது, மற்றொன்று அந்த ஜர்னைல் சிங்குடையது. வலை காத்தவர் பீட்டர் தங்கராஜ். தன் தோல்வியைத் தானே கூர்ந்து பார்த்து, நேற்றுவரை சரியென்று நம்பிய ஏற்பாட்டைக் கலைக்கும் மனத்திண்மை ஒருவருக்கு இருந்தால், கற்பதற்கு ஆண்டுகள் கூட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்? மறு ஆண்டு ஜூனில் புற்றுநோயால் ரஹீம் மறைந்தார். ஹெல்சிங்கிக்குப் பின் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஜகார்த்தா நமக்கு வாய்த்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அவகாசம் கொடுத்தால் எவரும் கற்றுக்கொள்வர் என்ற முடிவுக்கும் இதிலிருந்து வந்துவிட முடியாது. ஸ்டிமாச்சுக்கு 2019 முதல் ஐந்து ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் 3 ஆட்டங்களிலும் ஒரு கோல் கூட அடிக்காமல் அணி திரும்பியது. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றது. முன்னேற்பாட்டுக்குப் போதிய நாள் தரப்படவில்லை என்று அவர் சம்மேளனத்தைக் குறை கூற, சம்மேளனம் அவரைக் குறை கூறியது. ஆராய்ச்சிக்குப் பதில் வழக்காட்டம் நடந்தது. அவருக்குப் பின் வந்த மனோலோ மார்கெஸ் ஓராண்டில் விலகினார். அடுத்து காலித் ஜமீல் வந்தார். 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் இழந்தோம். ஆள் மாறியது, நோய் மாறவில்லை.

இப்போது கருணாபுரத்துக்கு வருவோம். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் மெத்தனால் சாராயத்தால் இறந்தனர். அப்போதும் விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிந்த மாவட்டமே கள்ளக்குறிச்சி. ஒரே நிலமாக இருந்து பிரிந்த இரு மாவட்டங்களுக்கு இடையே, 13 மாதங்களில், அந்தப் பாடம் எல்லை தாண்டவில்லை. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலேயே இருக்கும் ஒரு குடியிருப்பில், டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் கட்டுப்படியாகாத கூலித் தொழிலாளர்கள் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்து வந்தது ஊரறிந்த விஷயம்.

கல்வராயன் மலையில் வெல்லத்தையும் கடுக்காயையும் மரப்பட்டையையும் போட்டு ஊறல் வைப்பதும், போலீசார் ஏறிப்போய் அதை அழிப்பதும் அந்தப் பக்கத்தில் பழைய கதை. புதிதாக வரும் எந்த அதிகாரியும் முதலில் செய்வது அதைத்தான், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் காரியம். மெத்தனாலோ மலையில் ஊறுவதன்று. தொழிற்சாலைச் சரக்கு, பீப்பாயில் சாலை வழியே வருவது. 2023இல் கற்றிருக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

நீக்கம் என்ற பரிகாரத்தின் ஆகப்பெரிய தோஷம் வேறொன்று. தவறு வெளிப்பட்டால் பதவி போகும் என்ற அச்சம், தவறைத் திருத்துவதற்குப் பதில் மறைப்பதற்கே ஒரு நிர்வாகத்தைப் பழக்குகிறது. 2024 ஜூன் 19 அன்று, சாவுக்குக் கள்ளச்சாராயம் காரணம் என்பது உறுதியாகவில்லை என்ற தொனியிலேயே மாவட்ட நிர்வாகத்தின் முதல் வார்த்தை வந்தது. மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கப் பல மணி நேரம் ஆகும். குடித்தவன் சுகமாக இருப்பதாகவே எண்ணிக்கொள்கிற அந்த மணி நேரத்தில் வைத்தியம் கிடைத்தால் பிழைப்பான். அப்பொழுது ஓர் எச்சரிக்கை தெருத்தெருவாகப் போயிருக்க வேண்டும். ஆட்டக்காரனின் தோல்வியைப் பலகை காட்டிவிடும், அவன் மறுக்க முடியாது. நிர்வாகத்தின் தோல்விக்கு அப்படிப்பட்ட பலகை இல்லை என்பதால்தான் ஒப்புக்கொள்ளும் நேர்மை அங்கே பன்மடங்கு வேண்டியிருக்கிறது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜூன் 29 அன்று 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. காவல் கண்காணிப்பாளரின் பணியிடை நீக்கமோ சில மாதங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தண்டனையாகவும் நிலைக்காமல், கல்வியாகவும் பயன்படாமல் போன இந்த நடவடிக்கையை நான் பலவீனமான பரிகாரம் என்றே மதிப்பிடுகிறேன்.

ரஹீமை உயர்த்தியவை இரண்டு: தோல்வியை ஆராயும் குணம் அவரிடம் இருந்தது, அவருடன் சேர்ந்து தன் விதியை மாற்றிக்கொள்ளும் சித்தம் ஸ்தாபனத்திடம் இருந்தது. முதலாவதை அரசாணையால் உண்டாக்க முடியாது, இரண்டாவதை முடியும். நீக்கப்படும் அதிகாரி, தாம் அறிந்தது என்ன, அறியத் தவறியது என்ன, எந்தத் தகவல் யாரிடம் தேங்கியது என்பதை எழுதிக் கொடுத்த பின்னரே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்; அந்த எழுத்து அடுத்து வருபவருக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் கட்டாயமாகப் போய்ச் சேர வேண்டும்; மெத்தனால் எங்கே புறப்பட்டு எங்கே சேர்ந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். கருணாபுரத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்த அரசு, இதையும் அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.