கோடு விழுந்த டிவிடியை எப்படி ரசிப்பது

திருவனந்தபுரத்து டிசம்பர் திரைப்பட விழாவில் தாகூர் தியேட்டர் வாசலில் வரிசை கட்டுகிற அதே ஆட்கள், பழைய மலையாளப் பட டிவிடியை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள். "கோடு கோடாத் தெரியுது, பிரிண்ட் போச்சு." பிரிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை! இயக்குநர் அரவிந்தனின் 'கும்மாட்டி' 2021-லும் 'தம்பு' 2022-லும் 4கே-யில் மீண்டு வந்தன, மகிழ்ச்சி. மற்ற படங்களுக்கும் அந்த நாள் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பதா?

இந்தக் கோடுகளின் அடிப்படை சின்னதுதான். பால் (PAL) முறை டிவிடியில் ஃப்ரேமுக்கு 576 வரி. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. இரண்டையும் வரிவரியாகக் கோப்பதுதான் இன்டர்லேஸ். என்டிஎஸ்சி (NTSC) முறையின் கணக்கு வேறு, அதை விடுங்கள்.

இனிதான் விஷயம். அசல் இன்டர்லேஸ் என்பது தூர்தர்ஷன் கால வீடியோ கேமராவில் எடுத்தது. நொடிக்கு 50 ஃபீல்டு, ஒவ்வொன்றும் தனிக்கணம். ஃபிலிம் அப்படியில்லை; ஒரே கணம்தான் இரண்டு ஃபீல்டாகப் பிரிகிறது. ஃபிலிமை வீடியோவாக மாற்றும்போது ஒரே ஒரு ஃபீல்டு நழுவினால், இந்த ஃப்ரேமின் பாதி அடுத்த ஃப்ரேமின் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல். ஆனால் ஒரு வரிகூடத் தொலையவில்லை, ஜோடிதான் மாறியிருக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி? விஎல்சி பிளேயரில், கோத்த வரிகளைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸை அணைத்துவிட்டு, 'இ' (E) விசையால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி ஷாட் மாறும் இடத்தைப் பாருங்கள். ஃபீல்டு ஜோடி (ஃபேஸ்) நழுவியிருந்தால், வெட்டுக்கு வெட்டு ஒரு ஃப்ரேம் போன ஷாட்டையும் வந்த ஷாட்டையும் வரிவரியாகக் கோத்துக் காட்டும். வீடியோ கேமராப் பதிவில் வெட்டு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். இது தெரியாமல் கண்மூடித்தனமாக டீஇன்டர்லேஸ் செய்கிறவர்கள், பாதி வரியை எறிந்துவிட்டு ஊகத்தால் நிரப்புகிறார்கள். அதன்மேல் ஏஐ மெருகு வேறு! நடிகர் கரமனை ஜனார்த்தனன் நாயரின் முகச்சுருக்கத்தை வழித்தெடுத்துவிட்டு அதற்குத் 'தெளிவு' என்று பெயர் வைக்கிறார்கள். ஜோடியைச் சரிசெய்ய, எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் 'ஃபேஸ்' ஃபில்டரால் ஒரு ஃபீல்டு தள்ளிவைத்தால் போதும்; நழுவல் நடுவில் மாறினால் 'ஃபீல்டுமேட்ச்'.

உங்களிடம் மட்டும் இன்னொன்று சொல்கிறேன். பால் டிவிடிகள் 24 ஃப்ரேம் படத்தை 25-ஆக ஓட்டுவதால் பல சமயம் குரலும் சற்று ஏறிவிடும். ஜோடியைச் சரிசெய்த கையோடு வேகத்தையும் 24-க்கு இறக்கிப் பாருங்கள். 'எலிப்பத்தாயம்' படத்தில் கரமனையின் உண்ணி இருந்த இடத்திலிருந்தே தங்கை ராஜம்மாவைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலின் சோம்பல் முழுசாக அப்போதுதான் கிடைக்கும்.